கடற்பஞ்சுச் சாயமும் ஒரு வெள்ளை பனியனும்

கடலிலிருந்து சாயம் எடுத்து பனியனுக்குப் போடலாம் என்று எங்கள் முதலாளி முடிவெடுத்தபோது நான் லேபில் இல்லை. சாயக் கழிவுத்தண்ணீர் விஷயமாக மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் காத்துக் கிடந்தேன். அதுவும் லேப் இன்சார்ஜின் வேலைதான். சேரும்போது யாரும் சொல்வதில்லை.

1. பஞ்சு என்றால் பஞ்சு

இரண்டாயிரங்களின் நடுவில் திருப்பூரில் துணிக்குச் சாயம் போடும் ஒரு டையிங் யூனிட்டில் இருந்தேன். முதலாளியின் தங்கை மகள் கவிதா, கடலோர ஊர் ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய ஆய்வகத்தில் அல்ட்ரா வயலட் விளக்கு எரிந்துபோய்விட்டது. புது விளக்கு கேட்ட விண்ணப்பம் மேசை மேசையாகச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தது. எங்கள் லேபிலோ துணியின் நிறம் ஒத்துவருகிறதா என்று ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸில் அந்த விளக்கு உண்டு. அதனால் ஒரு சின்னக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு மாமா ஊருக்கு வந்துவிட்டாள்.

"கடற்பஞ்சுல இருந்து பிரிச்சதுங்க மாமா" என்றாள்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடல்லயும் பஞ்சு வெளையுதா கண்ணு? நூல் கவுண்ட் என்ன வரும்?"

அது பஞ்சு இல்லை, பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் உயிர் என்று விளக்கினாள். மீன்வலையில் சிக்கி வீசப்படுவதைக் கூடை கூடையாகப் பொறுக்கி, இரண்டு வருடம் பாடுபட்டுச் சிட்டிகையளவு பொருள் எடுத்திருந்தாள். உயிரணுக்களுக்குள் எந்த இடம் அமிலமாக இருக்கிறது என்று காட்டும் சாயம் அது.

ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு வைத்து, எங்கள் அசிட்டிக் ஆசிடில் ஒரு துளி விட்டு, லைட் பாக்ஸுக்குள் நீட்டினாள். இளம்பச்சையாகப் பற்றிக்கொண்டு ஒளிர்ந்தது. அமிலத்தை முறிக்க மேலே சோடா கரைசல் விட்டாள். அணைந்தது. இருபது வருடம் சாயத்தோடு குப்பை கொட்டிய எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

முதலாளிக்கு வேறு ஏதோ கூச்செறிந்தது. "ஏங்கண்ணு, வேர்வைக்கு இது எரியுமா?"

"வேர்வையும் லேசா அமிலந்தானுங்க மாமா, ஆனா…"

'ஆனா'வுக்குப் பிறகு வந்த எதையும் அவர் கேட்கவில்லை. அவருடைய தொழில் வெற்றிக்கே அதுதான் காரணம்.

2. சாம்பிள் போட்டாச்சு

மறுநாள்தான் நான் அந்த அலுவலகத்தில் காத்துக் கிடந்தது. கவிதா மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாள். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் சாயங்காலம் வருவதாகப் போன் வந்திருக்கிறது. முதலாளி நேராக லேபுக்கு வந்து, குப்பியை டையிங் மாஸ்டர் செல்வராஜிடம் கொடுத்துவிட்டார். செல்வராஜ் திருநெல்வேலிக்காரர். சொன்னதைச் செய்வார், சொன்னவர் புரிந்து சொன்னாரா என்று ஆராய்வது அவர் வேலை இல்லை.

நானும் கவிதாவும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தோம். மேசையில் குப்பி காலியாகக் கிடந்தது. செல்வராஜ் சாம்பிள் மெஷினிலிருந்து குடுவையை எடுத்து, பனியனைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"உப்பு, சோடா, அறுபது டிகிரி. எல்லாம் முறைப்படிதான் அண்ணாச்சி" என்றார் என்னிடம். "ஒண்ணும் ஏறல. வெள்ளையாவே இருக்கு. சரக்கு போலி போல."

தண்ணீரைக் கொட்டக் குடுவையைத் தொட்டி மேல் சாய்த்தார்.

"கொட்டாதீங்க!" என்று கவிதா போட்ட சத்தத்தில் செல்வராஜின் கை அப்படியே நின்றது.

அவள் அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது. குடுவையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "பனியன்ல ஏறலைன்னா எல்லாம் இதுக்குள்ளதானுங்க சார் இருக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

"இருக்கணும்மா" என்றேன். சூட்டிலும் சோடாவிலும் எவ்வளவு கெட்டுப்போயிருக்கும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடுவையை ஆறவைத்தோம். பனியனைப் பிழிந்த சொட்டுகளையும் சேர்த்து ஒரு பாட்டிலில் ஊற்றி, வெளிச்சம் படாமல் கறுப்பு பாலிதீனில் சுற்றினோம்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "பனியன் ரெடிங்களா?"

கவிதா திரும்பினாள். "என்ற ரெண்டு வருசத்தைக் கரைச்சுட்டீங்க மாமா."

"அட, அடுத்த கூடைல எடுத்துக்கலாம் கண்ணு."

அவள் அதற்குள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். பாட்டிலைக் கையில் அணைத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவன் நான். பாட்டில் குலுங்கக் கூடாதே என்று பள்ளம் வந்த இடமெல்லாம் மெதுவாக ஓட்டினேன்.

3. ஒளிரும் பனியன்

சாயங்காலம் பையரின் ஆள் வந்தார். முதலாளி பனியனை லைட் பாக்ஸில் வைத்து ஸ்விட்சைத் தட்டினார். பனியன் நீலமாக ஜொலித்தது.

"பாத்தீங்களா! கடல் சாயமுங்க!"

வந்தவர் தொழில் தெரிந்தவர். தன் சட்டைக் காலரை உள்ளே நீட்டினார். அதுவும் ஜொலித்தது. முதலாளி என்னைப் பார்த்தார்.

"வைட்னருங்க" என்றேன். "வெள்ளைத் துணி எல்லாத்துலயும் போடுறது. உங்க வேட்டியை வெச்சாலும் இப்படித்தான் எரியும்."

அவர் வேட்டியை வைத்துப் பார்க்கவில்லை. அந்த அளவு விவேகம் அவருக்கு உண்டு.

சில மாதம் கழித்துக் கவிதா லேபுக்குப் போன் செய்தாள். பாட்டில் தண்ணீரிலிருந்து கொஞ்சம் மீட்டுவிட்டாளாம். பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்ததாம். மிஞ்சியதைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களுக்குப் போட்டுப் பார்த்ததில், அமிலம் உள்ள இடங்கள் மட்டும் நட்சத்திரம் மாதிரி எரிந்தனவாம். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

பக்கத்தில் நின்ற முதலாளி ரிசீவரை வாங்கினார். "என்ன கண்ணு, சாயம் ஏறிடுச்சாமா? எத்தனை பீஸ்?"

"ஒரு தட்டுலயே லட்சக்கணக்குல இருக்குமுங்க மாமா" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

முதலாளி முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு!" என்று ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு, "பாத்தீங்களா, நம்ம யூனிட்ல ஆரம்பிச்ச வேலை" என்றபடி வெளியே போனார்.

லேபில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யாராவது சாயம் என்று சொன்னால், எதற்குப் போடும் சாயம் என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்காத ஆள் பக்கத்தில் இருந்தால், குப்பியைப் பூட்டிவைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.