வோல்டேஜ் இல்லாத வீடு

கல்யாணத்துக்கு முன்னால் கருங்கலில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ் எல்லாம் என் கையால் அடித்தவை. தமிழ் டைப்பிங்கில் கடையில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, முதலாளியே சொன்னது. கல்யாணமான பிறகு வீட்டிலிருந்தே அடிக்கட்டும் என்று அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். 2005-ல் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜோடு அதுவும் என்னோடு மணவாளக்குறிச்சிக்கு வண்டியேறியது.

ஃபிரிட்ஜ் அன்று மாலையே ஓடத் தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டரைத் தொடப் போனபோது மட்டும் மாமியார் தடுத்தார். "இஞ்ச வோல்டேஜ் கொறவாக்கும், மக்கா. இட்டா கத்திப் போவும்." எரிந்துபோகும் என்கிறாரே என்று பயந்து, அப்பாவிடம் சொல்லி யூபிஎஸ் வரவழைத்தேன். அதற்குப் பிறகும் ஆகாது என்றார்கள். பூப்போட்ட உறை மாட்டி முன்னறையில் வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். மகள் பிறந்தாள், வீட்டுக்காரர் கல்ஃபுக்குப் போனார், மேசை டிவிக்குத் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டிக்குள் போய்ப் பரணேறியது. கருங்கலிலிருந்து வேலை இருக்கிறது என்று வந்துகொண்டிருந்த ஃபோன்களும் நின்றுபோயின.

2013-ல் கொழுந்தனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று பரணைக் காலி செய்தபோது, லீவில் வந்திருந்த வீட்டுக்காரர் அந்தப் பெட்டியை இறக்கி வைத்து, "ஆக்கர்காரன் வந்தா எடைக்குப் போட்டுரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன்.

மூடியைத் திறந்தால் உள்ளே கரப்பான் எச்சம், ஃபேனில் குளவி கட்டிய மண்கூடு. பழைய டூத் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் தட்டி எடுத்தேன். ரேமைக் கழற்றி அதன் ஓரத்தை மகளின் ரப்பரால் தேய்த்தேன். அது கடையில் கற்ற வித்தை. யூபிஎஸ் பேட்டரி செத்திருந்ததால் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கேயே நேராகச் சொருகினேன். முதலில் பீப் பீப் என்று கத்தியது. ரேமை இன்னொரு தடவை அழுத்தி மாட்டியதும் திரையில் வெளிச்சம் வந்தது. ஒன்றும் கருகவில்லை.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்ம லைன்ல வோல்டேஜ் கூட்டிட்டாங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "வோல்டேஜ் அண்ணைக்கும் இதுதான். கண்ட பயலுவ பேப்பரும் கொண்டு வீட்டுல ஏறி இறங்குறது அம்மைக்குப் பிடிக்காதுல்லா. அதான்."

ஏதோ பழைய வேடிக்கையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டு வருஷமாக அந்த வீட்டில் மிக்சி ஓடியது, கிணற்று மோட்டார் ஓடியது. நான் கரண்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். என்னைப்போல ஒரு மண்டு உண்டா?

மாமிக்கோ ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "எங்க மருமவ தனியா செரியாக்கிட்டா. படிச்ச பிள்ளையாக்கும்" என்று பெருமை பேசினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொழுந்தனின் கல்யாண பயோடேட்டாவை இதிலேயே அடித்துவிடலாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். படிப்பு, வேலை, சம்பளம், சொந்த வீடு. விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. அதுதான் அழுகையை வரவழைத்தது.

எல்லாம் முடிந்த பிறகு மாமி சொன்னார்: "கெட்டி வாற பிள்ளைக்கு ஜோலிக்குப் போவ இஷ்டம்னா நமக்குச் சம்மதம்னும் போடு."

கையை எடுத்துவிட்டேன். "அத மட்டும் நான் அடிக்க மாட்டேன், மாமி."

மாமி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அதில் நடிப்பே இல்லை. "ஏன்? உன்ன நாங்க எப்பமாவது வேண்டாம்னு சொன்னோமா, மக்கா?"

சொல்லவில்லைதான். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.