மூன்று பியூஸ் கட்டைகள்

மூன்றாவது பியூஸ் கட்டையையும் பிடுங்கியதும் தெருவில் கரண்ட் நின்றது. லைன்மேன் அமலநாதன் மூன்றையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு டிரான்ஸ்பார்மர் மேட்டில் நின்றார். கீழே புயல் தண்ணீர், இடுப்பளவு. வேப்பமரம் கம்பிமேல் சாய்ந்திருந்தது. அதை அறுத்துக்கொண்டே தீயணைப்பு ஆட்கள் சனங்களைத் தூக்கி வந்தார்கள். தாழ்ந்த வீடுகளில் மீட்டர் பெட்டிவரை தண்ணீர். கரண்ட் வரும்போது உள்ளே ஒருவரும் இருக்கக்கூடாது.

மேட்டில் இருந்த கிளினிக்கின் ஜெனரேட்டர் கீழ்த்தளத்தில் மூழ்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. மூச்சுத் திணறலோடு கிடந்த பெண்ணுக்கு ஒரே ஆக்சிஜன் சிலிண்டர், அரை மணி நேரத்துக்கு. அது தீர்ந்தால் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்தான். எஸ்.ஐ. புருஷோத்தமன் உடனே கரண்ட் விடச் சொன்னார். தீயணைப்பு அதிகாரி எழிலரசன் தான் சொல்லும்வரை கூடாது என்றார். இருவரும் அமலநாதனைத்தான் அதட்டினார்கள், ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

இருபத்தொன்பது வருஷ வேலையில் எத்தனையோ கோயில் தேருக்கு லைன் நிறுத்தியவர் அமலநாதன். ஒரு வருஷம், தேர் தாண்டிவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கட்டையைப் போட்டுவிட்டார். கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தவன் இன்னும் கையை எடுக்கவில்லை. பிழைத்தான், இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகு ஒற்றை ஆள் சொல்லுக்கு அவர் கட்டை போட்டதில்லை.

பையைத் திறந்து இருவர் கையிலும் ஆளுக்கொரு கட்டையை வைத்துவிட்டு எழிலரசனைப் பார்த்தார்.

"ஆளுங்கல்லாம் வெளிய வந்துட்டா நீங்க குடுங்க சார். தெருவுல சனம் இல்லன்னா எஸ்.ஐ. சார் குடுக்கட்டும். கம்பி என் பொறுப்பு. மூணும் கைக்கு வந்தாத்தான் போடுவேன்."

"சேந்து தேர் வடம் புடிக்கச் சொல்றியா எங்கள?" என்றார் புருஷோத்தமன். கட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை.

இருபது நிமிஷத்தில் மரம் போயிற்று. அமலநாதன் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு மேட்டுக்குத் திரும்பினார். புருஷோத்தமன் தன் கட்டையைக் கொடுத்துவிட்டார். எழிலரசன் தன் ஆட்களை எண்ணினார்.

"வெற்றிவேல் எங்க?"

புருஷோத்தமன் முகம் மாறியது. கடைசி வீட்டில் யாரோ கூப்பிடுவது கேட்டு, பக்கத்தில் நின்ற வெற்றிவேலை அவர்தான் அனுப்பியிருந்தார். எழிலரசனிடம் சொல்லவில்லை.

கொடுத்த கட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவரே தண்ணீரில் இறங்கினார். கிளினிக் படியில் நர்ஸ் ஐந்து விரல் காட்டினாள். பிறகு மூன்று. அமலநாதன் தன் கையிலிருந்த ஒரு கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெற்றிவேல் தோளில் ஒரு கிழவரோடு வந்தான். பின்னால் புருஷோத்தமன். இரண்டு கட்டைகளும் கைக்கு வந்தன. அமலநாதன் ஈரத்தைச் சட்டையில் துடைத்து மூன்றையும் போட்டார். கிளினிக் வாசலில் விளக்கு எரிந்தது.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. ஆம்புலன்ஸ் வந்து அந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. கட்டை ஒன்றில் பீங்கான் விளிம்பு உடைந்திருந்தது. அமலநாதன் எழுதிக்கொடுத்து வேறு வாங்கிக்கொண்டார். மதியம் வைத்திக்குப்பத்தில் கம்பி அறுந்ததாகப் போன் வந்தது. போனார்.