சம்பளம் வாங்காத பெருமை

ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் எனக்கு ஒரு சால்வை போர்த்துவார்கள். "இந்தம்மா ஒரு பைசா சம்பளம் வாங்காம இத்தினி வருசமா…" என்று எங்கள் அறக்கட்டளையின் தலைவர் மைக்கைப் பிடித்தவுடனே நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உச்சி குளிர்ந்துபோய் வரும் சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தேன். வீட்டு பீரோவில் பதினொரு சால்வைகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்க மனம் வந்ததில்லை.

எங்களுடையது சின்ன அறக்கட்டளை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இரண்டு அறை, என்னைச் சேர்க்காமல் நான்கு ஊழியர்கள். தென்மாவட்டங்களிலிருந்து இங்கே கம்பெனி வேலைக்கு வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் இருக்கிற பெண்களுக்கு நாங்கள் உதவி செய்கிறோம். சம்பளத்தில் எதற்காகப் பிடித்தார்கள், பி.எஃப். பணத்தை எப்படி எடுப்பது, காண்ட்ராக்டர் ஏமாற்றினால் எங்கே எழுதிக் கொடுப்பது, இதெல்லாம்தான் எங்கள் வேலை. ஆரம்பித்த நாளிலிருந்து நிர்வாகி நான்தான். என் வீட்டுக்காரர் மறைமலை நகரில் கார் கம்பெனியில் இருந்தார். அவர் சம்பளத்தில் வீடு நடந்தது. அதனால் நான் எதுவும் வாங்கவில்லை. நாளாக நாளாக அதைத் தியாகம் என்று ஊர் சொல்லி, நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் 'சம்பளம்' என்ற சொல்லே கிடையாது. 'மதிப்பூதியம்' என்போம். மாத முதல் வாரத்தில் கவரில் போட்டு, வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்போம். வருடா வருடம் ஏற்றுவதும் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. யாரும் கேட்காததை எங்கள் நிறுவனத்தின் பண்பாடு என்று நான் பிறரிடம் சொல்லிப் பெருமைப்பட்டதுண்டு. இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

எங்கள் களப்பணியாளர் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனி லைனில் நான்கு வருடம் நின்றவள். தன் பி.எஃப். பணத்தை எடுக்க உதவி கேட்டு எங்கள் படியேறி வந்தவள், பிறகு எங்களிடமே வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. விடுதிச் சுவர்களில் நாங்கள் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் இருப்பது அவளுடைய எண்தான். பெண்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தப்பித்தவறி நான் எடுத்தால், "அக்கா இல்லியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரகடத்துல ஒரு கம்பெனில ஹாஸ்டல பாத்துக்கிட ஆள் கேக்காவ. பகல் வேலைதான். பி.எஃப்., சம்பள ஸ்லிப்பு எல்லாம் உண்டு. வார திங்க இல்ல, அதுக்கடுத்த திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் இதைப் பேசியிருக்கக் கூடாது, ஆனால் பேசினேன். "இத்தனை வருஷமா நான் ஒரு பைசா வாங்காம இங்க உக்காந்திருக்கேன். ஒனக்கு கவர் பத்தலையா?"

அவள் கோபப்படவில்லை. "நீங்க வாங்கலன்னு மைக்கில சொல்லும்போது, நான் எப்படி மேடம் வந்து கேக்க?" என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய மகள் ஊரில் அம்மாவிடம் இருக்கிறாள். ஜூன் மாதம் இங்கே மூன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு வீடு பிடிக்க வேண்டும். "போற எடமெல்லாம் ஸ்லிப்பு கேக்காவ. நான் என்னத்தக் காட்ட? நம்ம தலைவரு காம்பவுண்டுலயே ரூம் கேட்டுப் போனேன். அவுக வீட்டம்மாவும் ஸ்லிப்பு இல்லாம தர மாட்டோம்னுட்டாவ."

எங்கள் தலைவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். நிலம் கம்பெனிகளுக்குப் போனபின், வந்த பணத்தில் வரிசையாக அறைகள் கட்டித் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். நல்ல மனுஷர். எங்கள் கூட்டங்களுக்குச் சாப்பாடு அவர் செலவு. அவர் வீட்டு அறைக்கே எங்கள் பெண்ணால் போக முடியவில்லை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. "யோசிச்சு முடிவு பண்ணு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைப்பாக்கத்தில் ஒரு விடுதியில் வகுப்பு. 'பே ஸ்லிப்பைப் படிப்பது எப்படி' என்று மாதாமாதம் அவள் நடத்துவது. நான் வழக்கமாகப் போக மாட்டேன். அன்று போனேன். அவள் வேலையில் ஏதாவது குறை தென்பட்டால் அவள் போவதைத் தாங்கிக்கொள்ளலாம் என்ற கெட்ட எண்ணம்தான், வேறென்ன?

குறை ஒன்றும் தென்படவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது பெண்கள், இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் பாதிப் பேர், ஒருத்திகூடத் தூங்கவில்லை. பெயரை அழித்து நகலெடுத்த ஏதோ ஒரு கம்பெனி ஸ்லிப்பை வைத்துக்கொண்டு அவள் கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொண்டு போனாள். "பி.எஃப். பிடிச்சது இருக்கும், கணக்கு நம்பர் இருக்காது. அப்படின்னா சும்மா இருக்கக் கூடாது. என்ன செய்யணும்?" "கேக்கணும்!" என்று மொத்தக் கூடமும் கத்தியது.

முன்வரிசையில் இருந்த ஒரு குட்டைப் பெண் கையைத் தூக்கினாள். "அக்கா, இது யாரு ஸ்லிப்பு?"

"மாதிரிக்கு வச்சிருக்கோம்."

"ஒங்க ஸ்லிப்பக் காட்டுங்களேன். அது நல்லாப் புரியும்லா."

களப்பணியாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க ஆபீஸ்ல அது கெடையாதும்மா" என்றாள்.

"நீங்க கேக்கலையாக்கா?"

கூடம் சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பின்னால் நாற்காலியில் இருந்து எழுந்து நின்று, பெரிய மனுஷியாக விளக்கம் கொடுத்தேன்: "எங்க நிறுவனத்துல நாலே பேர்தாம்மா. இவ்வளவு சின்ன இடத்துக்கு பி.எஃப். எல்லாம் சட்டப்படி கட்டாயம் இல்ல."

அந்தக் குட்டைப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். குறும்பு எதுவும் இல்லை அந்த முகத்தில். "எங்க காண்ட்ராக்டரும் இதத்தான் சொல்லுதாரு மேடம்" என்றாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருடத்துக்கு மேலாகக் காண்ட்ராக்டர்கள் வாயிலிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு, அதற்கு எதிராக மனு எழுதி எழுதி என் விரல் தேய்ந்திருக்கிறது. அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல், என் வாயிலிருந்து வந்திருக்கிறது. அத்தனை பேருக்கும் முன்னால் செருப்பைக் கழற்றி நானே என்னை அடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அப்போது ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டவர், கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ சம்பளம் வாங்காம இல்ல. ஒன் சம்பளத்த இத்தனை நாளா கார் கம்பெனி குடுத்துச்சு, நான் வாங்கியாந்தேன். அந்தப் பொண்ணுக்கு யாரு வாங்கியாந்து குடுக்கிறது?" பிறகு, "எனக்கும் இப்ப நின்னுபோச்சு. நீ இன்னா பண்ணப் போறேன்னு நானும் கேக்கல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னதால் மீதி வெண்டைக்காயை நான் வாங்கி நறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை அறங்காவலர் கூட்டத்தை அவசரமாகக் கூட்டினேன். ஊழியர்களுக்கு முறையான சம்பளம், ஸ்லிப், விருப்பத்தின் பேரில் பி.எஃப். பதிவு என்று ஒரு தாளில் எழுதி வைத்தேன். தலைவர் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாம்மா இது? நீங்களே ஒண்ணும் வாங்கறதில்ல. மேல கீறவங்க சும்மா செய்றப்போ கீழ கீறவங்களுக்கு இவ்ளோ ஏத்தினா, பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நான் வாங்காத சம்பளம் என்னோடு நிற்கவில்லை. அது நாலு பேர் தலைமேலும் கூரையாக இறங்கியிருந்தது. அதற்கு மேல் யாரும் நிமிர முடியாது. கூரையைத் தூக்க வேண்டுமென்றால் முதலில் நான் எழுந்தாக வேண்டும்.

"அப்படின்னா எனக்கும் சம்பளம் போடுங்க" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை எழுதிக் காட்ட முடியாது. ஒரே வாக்கியத்தில் பதினொரு சால்வையும் போய்விட்டதுபோல் வெறும் தோளோடு உட்கார்ந்திருந்தேன்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "வூட்ல கஷ்டமாம்மா? சொல்லியிருக்கலாமே."

"கஷ்டத்துக்காகக் கேக்கலீங்க. வேலை செய்றேன், அதுக்குக் கேக்கறேன். நாளைக்கு நான் இல்லைன்னா, சம்பளமே இல்லாத இந்த நாற்காலிக்கு யாரு வருவாங்க? வீட்ல இன்னொருத்தர் சம்பாதிக்கிறவங்க மட்டும்தானே வர முடியும்?" அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காது. "நம்ம பொண்ணு ஒங்க காம்பவுண்டுல ரூம் கேட்டு வந்தா. ஸ்லிப் இல்லன்னு ஒங்க வீட்ல திருப்பி அனுப்பிட்டாங்க."

"நம்ம ட்ரஸ்ட் பொண்ணுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருக்கா. ட்ரஸ்ட்டுல ஸ்லிப்பு தர மாட்டாங்களான்னு கேட்டாங்களாம்."

தலைவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடித்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "மானம் போச்சு போ. துட்டு எங்கேந்து வரும், அத்த சொல்லு மொதல்ல."

துட்டு இருந்தது; அதுதான் வெட்கக்கேடு. எங்களுக்கு நிதி தருகிறவர்களின் விண்ணப்பத்தில் ஊழியர் சம்பளத்துக்கென்றே ஓர் இடம் உண்டு. நாங்கள்தான் 'எங்களுக்கு நிர்வாகச் செலவே இல்லை' என்று காட்டிக்கொள்ள, வருடா வருடம் அதைக் குறைத்து எழுதிக்கொடுத்தோம். அடுத்த தவணையிலிருந்து உள்ளபடி எழுதுவது, அதுவரை சம்பளம் கொடுக்க, ஆண்டுவிழாவை மண்டபத்தில் வைக்காமல் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சால்வைச் செலவும் மிச்சம் என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது ஆச்சரியம்தான்.

அன்றே பணி நியமன உத்தரவை அடித்து அவள் கையில் கொடுத்தேன். கண்ணீர் மல்க வாங்கிக்கொள்வாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன், பழைய புத்தி. அவள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே இரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்தாள். "வார லீவு என்னைக்குன்னு போடலையே மேடம்" என்றாள். பேனாவால் எழுதிக் கொடுத்தேன். "திங்கக்கெழம சொல்லுதேன்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனியும் ஞாயிறும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை காலை சீக்கிரமே போய் அலுவலகப் படிக்கட்டின் உச்சியில் நின்றேன். கீழே கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் அவள் இருப்பாளோ என்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். ஒன்பது மணிக்குப் பால் பாக்கெட்டும் கையுமாக அவள் படியேறி வந்தாள்.

"அங்க வரலன்னு போன் போட்டுச் சொல்லிட்டேன் மேடம். நீங்க ஏன் இங்கன நிக்கிய?"

சும்மாதான் என்றேன். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படி ஒரு டீயை நான் குடித்ததில்லை.

முதல் மாத ஸ்லிப்பை நானே என் கையால் தயாரித்தேன். அவளுக்கு, மற்ற மூவருக்கு, எனக்கு. அவள் அதை வைத்துத் தலைவர் காம்பவுண்டில் அறை பிடித்தாள். அடுத்த ஞாயிறு அதே விடுதி வகுப்புக்கு நானும் போனேன். இந்த முறை கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நான் தயாரித்த ஸ்லிப்பைப் பார்க்கப் போகிறார்கள் என்ற பெருமை மட்டும்தான்.

மாதிரிக்குப் பதில் அவள் தன் ஸ்லிப்பையே கொடுத்தாள். முப்பது கைகள் மாறி அது அந்தக் குட்டைப் பெண்ணிடம் போய் நின்றது. அவள் விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"அக்கா, பி.எஃப். பிடிச்சிருக்காவ. நம்பர் போடலையே?"

பி.எஃப். பதிவு முடிந்து நம்பர் இன்னும் வரவில்லை; அந்த இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். கூடம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. "என்ன செய்யணும்?" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுக்க, "கேக்கணும்!" என்று மற்றவர்கள் கத்தினார்கள்.

களப்பணியாளர் என்னைப் பார்த்தாள். ஆறு வருடத்தில் தனக்கென்று ஒரு கேள்வியை எல்லோர் முன்னாலும் அவள் என்னிடம் கேட்டதே இல்லை.

"நம்பர் எப்ப வரும் மேடம்?"

"அடுத்த மாச ஸ்லிப்புல இருக்கும்."

"தேதி சொல்லுங்க."

சொன்னேன். அவள் கரும்பலகையில் எழுதினாள். வெறும் தேதி போதாது, கையெழுத்தும் வாங்கணும் என்று அந்தக் குட்டைப் பெண் அவளுக்குப் பாடம் எடுத்தாள். சாக்பீஸை என்னிடம் நீட்டினார்கள். எழுந்து போய், தேதிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.