மில்லுக்கார அக்காவின் கன்னம்

செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயில் என் குளியல் பொடியை விற்பனைக்கு வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை விலங்குகள் மேல் சோதித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்குத் திருப்தி. எனக்குத்தான் பாதி பதிலைச் சொன்னது போல உறுத்தியது. மீதி இதுதான்.

பொடி போடத் தொடங்கிய புதிதில் எனக்குக் கர்வம் கொஞ்சம் ஜாஸ்தி. பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ரோஜா இதழ் எல்லாம் நானே பார்த்து வாங்குவேன். ஆவாரம்பூ பறித்து வரும் பெண்களிடம், மருந்தடித்த வயல் ஓரத்தில் பறித்ததா என்று குடைந்து எடுப்பேன். ஆனால் அரைக்க மட்டும், டப்பாவை மில்லில் வரிசையில் வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். ஊரே அப்படித்தான் செய்கிறது.

அன்று கரண்ட் போய் வந்ததில் மில்லில் டப்பாக்கள் குவிந்துவிட்டன. அரைத்த பொடியை வாங்கி வந்து சலித்தேன். வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூன்று மாதக் குழந்தை. முதல் பாக்கெட்டை அவளுக்குக் கொடுத்தேன். காலையில் குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டுவதாகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் மில்லுக்கார அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். மில்லைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அந்தப் பொடிய யாருக்கும் குடுத்துடாதீங்க. குளியல் பொடி மிஷின காலைல தொறந்தா, நேத்து ஓட்டுன அடையாளமே இல்ல. அவசரத்துல மொளகா அரைச்ச மிஷின்லயே உங்களுத போட்டுட்டேன். நடுவுல காரம் போக ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டக்கூட இல்லைங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் பொடியில் குறையா? முகர்ந்து பார்த்தேன், பூலாங்கிழங்கு வாசனைதான். சிவப்பு தெரிந்தது, அது ரோஜா இதழாக இருக்கும் என்று நினைத்தேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, வீணா பயப்படறீங்க. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கே குடுத்திருக்கேன்" என்றேன்.

அவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, கண்ணுக்குக் கீழே கன்னத்தில் தடவிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் கன்னம் சிவந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"பச்சப்புள்ள மூஞ்சிக்கா இத?" என்றார்.

ஓடினேன். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து முடித்திருந்தாள். பொடி கிண்ணத்தில் குழைத்துத் தயாராக இருந்தது. கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் காரணத்தைச் சொன்னேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

மில்லுக்கார அக்கா வராமலே இருந்திருக்கலாம். பழி என் பொடிக்குத்தான் வந்திருக்கும், மில்லை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தெரிந்தும் வந்தார். அந்தப் பிள்ளை இப்போது எங்கள் வாசலில் ஓடியாடும்போதெல்லாம் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் என் டப்பா அரைத்து முடியும்வரை மில்லிலேயே நிற்கிறேன். முதல் சிட்டிகையை என் கன்னத்தில் தடவிக்கொள்கிறேன். அதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு.

"அதான் தனி மிஷின்லயே போடறேனே. இன்னும் என்னாத்துக்கு இது?"

"இருக்கட்டும்க்கா. அன்னிக்கு உங்க கன்னம் எரிஞ்சுது. இனிமே எரிஞ்சா என்னுது எரியட்டும்."