ஈரத் தரையும் ஒரு மணைப் பலகையும்

ஓய்வு பெறும் வரை நான் இயற்பியல் வாத்தியார். எர்த் வயர் எதற்கு என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் இன்னும் வெட்கமாக இருக்கும்.

மந்தைவெளியில் எங்களுடையது பழைய தனி வீடு. போன வருடம் பெயிண்ட் அடித்தபோது, மீட்டர் பெட்டியிலிருந்து பின்சுவரோடு மண்ணுக்குள் இறங்கிய துருப்பிடித்த கம்பி ஒன்று கண்ணை உறுத்தியது. எந்தக் காலத்துக் கேபிள் டிவிக்காரனோ விட்டுப்போனது என்று நினைத்து, வெட்டி எறியச் சொன்னேன். சுவர் பளிச்சென்று ஆனது.

சில வாரங்களில், வீட்டு வேலைக்கு வரும் அம்மா பின்பக்கம் இருக்கும் வாஷிங் மெஷின் ஷாக் அடிக்கிறது என்றார். போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் மனைவியும் தொட்டாள். ஒன்றுமில்லை. எல்லாம் பிரமை என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்க வந்துவிட்டேன். குதிகால் வலிக்காக நாங்கள் இருவரும் வீட்டுக்குள் ரப்பர் செருப்பு போடுகிறவர்கள். அந்த அம்மா தன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருகிறவர். இந்த வித்தியாசம் என் மர மண்டைக்கு எட்டவில்லை.

அவர் வாதாடவில்லை. மறுநாள் பரணிலிருந்து, தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்காரும் மணையை எடுத்துப்போட்டு அதன்மேல் நின்று துணியை அள்ளினார். எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு வாரம் கழித்து என் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார்.

"ஈரத்துல நின்னா சுர்ருங்குது சார். பலகை மேல நின்னா ஒண்ணும் இல்ல. தரை காஞ்சி கீதுன்னா கொஞ்சமாத்தான் அடிக்குது. மூணு மாதிரியும் பாத்துட்டேன்."

என் மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். எழுந்து ஓடினேன். மெஷினைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

வந்தவர் பேசாத மனிதர். ஒயரில் தொங்கிய குண்டு பல்பைப் பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தார், எரிந்தது. ஒரு முனையை மேலே எர்த்துக்காக இருக்கும் பெரிய துளைக்கு மாற்றினார், அணைந்துவிட்டது. எல்லா அறைகளிலும் இதே கதை. நேரே பின்சுவருக்குப் போய், மீட்டர் பெட்டிக்குக் கீழே பெயிண்ட் பூசிக்கொண்டு நீட்டியிருந்த மொட்டைக் கம்பியைத் தொட்டுக் காட்டி, எர்த் கம்பியை யார் வெட்டியது என்று கேட்டார். அந்த அம்மாவும் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றேன்.

வெட்டிய இடத்தில் ஒட்டுப் போட்டுவிடலாமே என்று கேட்டதற்கு எலக்ட்ரீஷியன் தலையாட்டி மறுத்தார். மெயினை அணைத்தார். மண்ணில் புதைந்து கிடந்த பழைய எர்த் குழாயைச் சுற்றித் தோண்டி, அதன் தலையை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார். அங்கிருந்து மீட்டர் பெட்டி வரை நடுவில் ஒட்டே இல்லாமல் புதுச் செம்புக் கம்பியை இழுத்து, இரண்டு முனையிலும் போல்ட் போட்டு முடுக்கி, தொங்கிப் பார்க்காத குறையாக இழுத்துப் பார்த்தார். மெஷினுக்குள் உறை நைந்திருந்த வயர் ஒன்றையும் மாற்றினார். அவசரமே இல்லாத அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மெயினைப் போட்டுப் பல்பை வைத்தார். பெரிய துளையிலும் பிரகாசமாக எரிந்தது. மெஷினைப் பிளக்கில் மாட்டி ஓடவிட்டார்.

அந்த அம்மா மெஷின் பக்கம் நகர்ந்தார். நான் முதலில் தொடுகிறேன் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஈரத் தரையில் கால் வைத்தேன்.

"இருங்க சார்" என்றார் அந்த அம்மா. மணையை எடுத்து வந்து என் காலடியில் போட்டார். "மொதல்ல இது மேல நின்னுக்கினு தொடுங்க."