முப்பத்திமூன்றில் ஓட வேண்டிய தட்டு

பிள்ளைகளே, நம் வீட்டு ரிக்கார்டு பிளேயரை யார் தொட்டாலும், "முதல்ல ஸ்பீடு குமிழைப் பாரு" என்று நான் கத்துவதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபம் உங்கள்மேல் இல்லை. தாம்பரத்தில், கல்லூரி இசையறையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

நான் எட்டாவது படித்தவன். அந்த அறைக்கு அட்டெண்டர். சாவி என்னிடம். சனிக்கிழமைதோறும் பேராசிரியர் ஒருவர் இந்தக் காலத்து மேல்நாட்டு இசைத்தட்டுகளை என்னைப் போடச் சொல்லி விளக்கம் சொல்வார். வெள்ளிக்கிழமையே நான் அவற்றைத் துடைத்து, கீறல் உண்டா என்று முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். அது அவரே போட்ட சட்டம். யாருமில்லாத அறையிலும் நின்றுகொண்டேதான் கேட்பேன், நாற்காலிகள் சார்களுக்கு. முதலில் தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல் இருந்தது. நாலைந்து மாதத்தில், அந்த அறுப்புக்குள் யாரோ அழுகையை அடக்கிக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு வெள்ளிக்கிழமைக்காகவே வேலைக்குப் போனேன். உங்கள் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

அன்று பட்டணத்திலிருந்து விருந்தாளிகள். வழக்கமாக நான் போடும் தட்டைப் பெருமைக்குப் பேராசிரியரே போட்டார். முதலில் போட்டது சின்னத் தட்டு, நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓடுவது. அடுத்து பெரிய தட்டை வைத்தவர் குமிழை முப்பத்திமூன்றுக்குத் திருப்ப மறந்துவிட்டார். ஆண்குரலில் உறும வேண்டிய செல்லோ என்ற பெரிய வயலின் கொசுபோலக் கத்தியது. "என்ன படபடப்பு பாருங்க! நம்ம காலத்தோட டென்ஷன்" என்றார். விருந்தாளிகள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டே போய், "சார், ஸ்பீடு மாறிக்கீது சார்" என்றேன்.

"இன்னாது, மாறிக்கீதா?" என்று என் பேச்சையே எனக்குத் திருப்பிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். "இது டீக்கடை ரேடியோ இல்லப்பா. மாடர்ன் மியூசிக். இப்படித்தான் இருக்கும். ஓரமா போய் நில்லு."

நின்றேன். இருபத்திரண்டு நிமிஷத் தட்டு பதினாறிலேயே முடிந்தது. உறையில் நேரம் அச்சிட்டிருக்கும். ஒரு விருந்தாளி அதைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர் குமிழைப் பார்த்தார். முகம் கறுத்தது, ஒரே ஒரு நொடிதான்.

"இவன்தான் தூசி தட்டறப்போ தள்ளிவிட்டிருக்கான். திங்கட்கிழமை சாவியை ஆபீஸ்ல குடுத்துடு."

சாவி போனால் சம்பளம் போகாது. என் வெள்ளிக்கிழமை போகும். "நான் தொடல சார்" என்பது வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பாதிக் கோபம் அவர்மேல் என்றால், மீதி என் வாய்மேல்தான். கேட்கத் தெரியாதது குற்றமில்லை, பிள்ளைகளே. தெரியாததை மறைக்க இன்னொருத்தன் தலையில் பழியைப் போடுவது அயோக்கியத்தனம். எத்தனை படித்தவன் செய்தாலும் அதற்கு வேறு பெயர் கிடையாது.

திங்கட்கிழமை, ஆபீஸ் திறக்குமுன் அறையைத் திறந்தேன். அதே தட்டை எடுத்துத் துடைத்தேன். குமிழை முப்பத்திமூன்றில் வைத்து முள்ளை இறக்கினேன். பிறகு முன்வரிசைக்குப் போய், பேராசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே பீச் ஸ்டேஷன் போகும் ரயில் ஊதிக்கொண்டு போனது. இருபத்திரண்டு நிமிஷமும் நான் எழுந்திருக்கவில்லை.