வயிற்றோடு தைத்த கை

டிஞ்சர் அயோடினும் வெந்த துணியும் கலந்த ஒரு வாசனை, கொஞ்சம் இரும்பு போலவும் கொஞ்சம் புளித்த கஞ்சி போலவும், எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் குடியிருந்தது. சோறு வடித்த அடுப்பிலேயே அம்மாவின் கட்டுத்துணிகளைக் கொதிக்க வைத்து, கழியால் எடுத்துப் பிழிந்து, மாட்டுக்கொட்டகைத் தூணில் கட்டிய கயிற்றில் உலர்த்துவது என் வேலை. அந்த வேலை என்னிடம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது.

நாங்கள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஏம்பலத்தில் இருந்தோம். பிரெஞ்சுக்காரர்களின் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாகக் கொஞ்சம் கரும்பு நிலமும், ஊருக்குத் தெற்கே ஒரு வெல்ல ஆலையும் இருந்தன. மாடு கட்டிச் சுற்றிய பழைய ஆலையை எடுத்துவிட்டு, அந்த வருஷம்தான் ‘ஆயில் எஞ்சின்’ வைத்திருந்தார்கள். மாடு என்றால் ஒரு அதட்டலில் நின்றுவிடும், எஞ்சினுக்குக் காது இல்லை என்பது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாசி மாதத்து மத்தியானம், உருளைக்குக் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்த பெரியப்பா கூழ் குடிக்க எழுந்துபோனார். சக்கை அள்ளிக்கொண்டிருந்த அம்மா அவர் இடத்தில் உட்கார்ந்தாள். முன்பும் அப்படி எத்தனையோ தரம் உட்கார்ந்திருக்கிறாள். குட்டையான கரும்பு ஒன்று குறுக்கே சிக்க, அதை வலது உள்ளங்கையால் தள்ளினாள். கண்ணாடி வளையல் நொறுங்கிய சத்தம்தான் முதலில் கேட்டது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐந்தாறு அடி தள்ளி நான் நின்றிருந்தேன். அம்மா கத்தவில்லை. “பெல்ட்ட தள்ளுங்க, பெல்ட்ட தள்ளுங்க” என்று இரண்டு முறை சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, “தம்பிய அப்பால தூக்கிக்கினு போடி” என்றாள். அப்பா ஓடிப்போய், எஞ்சினிலிருந்து ஆலைக்கு ஓடிய பெல்ட்டைக் கழன்று விழும்படி தள்ளினார். ஆலை நின்ற பிறகும் கை உருளைகளுக்கு நடுவில்தான் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து பெரிய சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றி, போன வழியாகவே அதை வெளியே கொண்டுவந்தார்கள்.

மாட்டு வண்டியில் தார் ரோடு வரைக்கும், அங்கிருந்து ஒரு நெல் லாரியில் புதுச்சேரிக்கும் போனோம். பெரியாஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்தவர் மதராஸிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஓர் இளம் சர்ஜன். மெதுவாகப் பேசுவார். சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன என்றும், மிச்சக் கையில் எலும்பு ஓரளவு இருந்தாலும் தோல் முழுக்க உறையைக் கழற்றினது போல உரிந்துவிட்டது என்றும் அப்பாவிடம் சொன்னார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

“மணிக்கட்டோட எடுத்துடறது சுலபம்மா. சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம். கை வேணும்னா ரொம்ப நாள் கஷ்டப்படணும். அப்பவும் அது எப்படி இருக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

அம்மாதான் சொன்னாள். “எப்பிடி இருந்தாலும் என் கைதான சார். வுட்டு வெய்யுங்க.”

அவர் செய்தது எங்கள் ஊரில் யாரும் கேள்விப்படாத ஒன்று. அம்மாவின் வயிற்றுத் தோலைப் பை போலக் கிளப்பி, உரிந்த கையை அதற்குள் வைத்துத் தைத்துவிட்டார். வயிற்றுச் சதையின் ரத்தம் கைக்குள் ஓடி, தோல் அங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். அதுவரை மூன்று வாரம் கை அசையக் கூடாது. நிலத்தை அப்பா பார்த்துக்கொள்ள, தம்பியை அத்தை எடுத்துக்கொண்டு போக, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். சோறு பிசைந்து ஊட்டுவதும், தலை வாருவதும், முதுகு அரித்தால் சொறிந்துவிடுவதும் நான்தான். தும்மல் வந்தால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து, அம்மா மூக்கைப் பிடிக்கச் சொல்லுவாள். இடது கையால் தானே பிடித்துக்கொள்ளலாம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வராது.

இரண்டாவது வாரம் அவளை மெதுவாக வராந்தாவில் நடக்க விட்டார்கள். சேலைக்கு மேல் ஆஸ்பத்திரித் துப்பட்டியைப் போர்த்தி, வயிற்றில் கையை வைத்தபடி அவள் நடந்து வருவதைப் பார்த்து, வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து யாரையோ பார்க்க வந்திருந்த ஒரு பெண், “எத்தினி மாசம்மா?” என்று பரிவாகக் கேட்டாள்.

“மூணு வாரந்தான்” என்றாள் அம்மா. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கத் தையல் இழுத்தது, வலியில் கண்ணீர் வந்தது, அப்போதும் அவளால் நிறுத்த முடியவில்லை. கை நசுங்கின பிறகு அம்மா அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வயிற்றிலிருந்து பிரித்தெடுத்தபோது அது கை மாதிரியே இல்லை. பன் ரொட்டி போல உப்பி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வெயில் படாத வயிற்றின் வெளுத்த நிறத்தில் இருந்தது. மறுபடி அறுத்து மூன்று விரல்களையும் தனித்தனியாக்கினார்கள். ஊருக்கு அனுப்பும்போது சர்ஜன் என்னைக் கூப்பிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தக் கையை ஊற வைத்து, ஒவ்வொரு விரலையும் காலையில் ஐம்பது, சாயங்காலம் ஐம்பது என்று மடக்கி நீட்டச் சொல்லிக் கொடுத்தார். “இனிமே என் வேலை இல்ல, உன் வேலைதான்” என்று என் தலையைத் தட்டினார். அன்பாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே அம்மா முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாள். “நான் கத்துனாலும் நீ நிறுத்தாத” என்றாள். நான் மடக்கினேன். விரலுக்குள் ஏதோ ஒன்று ஈர மரம் போல முறுகுவது என் கையில் தெரிந்தது. அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்து, நெற்றியெல்லாம் வேர்த்து, முந்தானை வழியாக ஒரு முனகல் வரும். ஒரு மாதம் ஒழுங்காக ஐம்பது எண்ணினேன். அதன் பிறகு என்னால் முடியவில்லை. பதினெட்டு, பத்தொன்பது என்று சத்தமாக எண்ணிக்கொண்டே வந்து, அடுத்தது முப்பத்தொன்று என்று தாவிவிடுவேன். சில நாள் நாற்பதுக்கே போய்விடுவேன். நெல் அளக்கும்போது ஒரு மரக்கால் தவறவிடாத அம்மா, அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

ஐப்பசியில் திரும்பக் காட்டப் போனோம். மூன்று விரல்களும் பாதி மடங்கிய நிலையில் கொக்கி போல இறுகியிருந்தன. சர்ஜன் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். “வீட்டுல பயிற்சி விடாம செஞ்சீங்களா?” என்று கேட்டார்.

“எம் பொண்ணு ஒரு நாளும் வுடல சார்” என்றாள் அம்மா.

நான் தரையைப் பார்த்தேன். அவர் நோட்டில் ஏதோ எழுதினார். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள், தூங்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனிமேல் ஒழுங்காக எண்ணுவேன் என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். அன்று சாயங்காலம் வெந்நீர் போட்டுக் கொண்டுபோனபோது, “வேணாம்டி, வெச்சிடு” என்றாள். அதற்குப் பிறகு பயிற்சிக்கு அவள் கையை நீட்டவே இல்லை.

அந்தக் கையில் உணர்ச்சியும் இல்லை. தோல் பிடித்தது, ஆனால் சூடு குளிர் தெரியவில்லை. அடுத்த வருஷம் ஒரு காலையில், கொதிக்கும் சோற்றுப் பானையை இடது கையால் இறக்க முயன்று, அது சாய்ந்தபோது வலது கையால் தாங்கியிருக்கிறாள். தீய்ந்த நாற்றம் வந்துதான் அவளே குனிந்து பார்த்தாள். அந்தப் புண் ஆறவே இல்லை. சீழ் வைத்தது, எலும்பு வரை போனது, ஜுரம் வந்தது. மறுபடி புதுச்சேரிக்குப் போனோம். பழைய சர்ஜன் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். இருந்தவர் புண்ணைப் பார்த்ததும் கையை எடுத்தாக வேண்டும் என்றார். மணிக்கட்டுக்கு மேலே எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்து, கட்டைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: “அன்னிக்கே எடுத்திருந்தா அந்தப் புள்ள இஸ்கூலுக்காவது போயிருக்கும்.” அப்பாவிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியாது. நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவும் போனேன், இரண்டு வகுப்பு கீழே, என் தோளுக்குக் கீழ் நின்ற பிள்ளைகளோடு.

அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் அம்மா இருந்தாள். இல்லாத விரல்கள் நெரிபடுவதாகச் சொல்லி, மழை நாட்களில் வெறும் காற்றைத் தடவிக்கொண்டிருப்பாள். என் எண்ணிக்கையைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. பின்னால் என் மகனுக்குக் கை முறிந்தபோது வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நரம்பும் தசைநாரும் அப்படி நசுங்கின கையில், ஐநூறு தடவை மடக்கியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்றார். இருக்கலாம். ஆனால் அவர் என் அம்மாவின் கையைப் பார்த்தவர் இல்லை.

ஆலை இருந்த இடத்தில் இப்போது யாரோ மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். கரும்பு லாரியில் ஏறி எங்கேயோ மில்லுக்குப் போகிறது. ஆலை போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நசுங்கின கை, தைத்த கை, உப்பின கை, கொக்கியாய் இறுகின கை, கடைசியில் உருண்டையாய் முடிந்த கை, எல்லாவற்றையும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் எனக்குச் சோறு ஊட்டி, எண்ணெய் தேய்த்து, முதுகில் இரண்டு வைத்து வளர்த்த அந்த முழுக் கை எப்படி இருந்தது என்பதுதான், எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவில் இல்லை.